கனம் யாருக்கு? தேவனை மையமாக வைத்து வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுக்கிறோம். "ஆண்டவரே, இந்த வருடம் உமக்காகவே வாழ்வேன்" என்று முழங்காலில் நின்று சொல்கிறோம். பொய்யாகச் சொல்வதில்லை. ஆனாலும் பொங்கல் விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும்போது அந்த அட்டை வேதாகமத்தின் ஏதோ பக்கத்துக்குள் போயிருக்கும். தவக்காலம் வரும்போது என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதே நினைவில் இருக்காது.

இருபது வருடம் எனக்கு இப்படித்தான் நடந்தது. வாக்குக் கொடுக்கும்போது மனம் உண்மையாகத்தான் இருந்தது. அடுத்த நாள் அந்த வாக்கை எதில் வைத்து நிறுப்பது என்பதுதான் தெரியவில்லை. கீழே வருபவை நான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட படிகள். வரிசையாகச் செய்வது நல்லது. முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதுக்குத் தாவ வேண்டாம்.

படி 1: 'கனம்' என்ற சொல்லைக் கையில் தூக்கிப் பாருங்கள்

"என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற வசனம் (1 சாமுவேல் 2:30) பல கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் தொங்குகிறது. 'கனம்பண்ணுதல்' என்றதும் நமக்குச் சால்வையும் மாலையும் நினைவுக்கு வருகின்றன. எபிரெயத்தில் மகிமைக்கும் கனத்துக்கும் உள்ள சொல் 'கபோத்'. அதன் வேர் 'பாரம்', 'எடை'. நம் மொழியிலும் அப்படியே: பெட்டி கனமாக இருக்கிறது என்கிறோம், கனம் பொருந்திய நீதிபதி என்கிறோம், இரண்டும் ஒரே சொல். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு விளக்கவுரையே தேவையில்லை.

அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். சீலோவில் ஆசாரியனாக இருந்த ஏலிக்கு. அவருடைய மகன்கள் பலியின் கொழுப்பை எரிக்கும் முன்பே இறைச்சியைப் பறித்துக்கொண்டார்கள். ஏலி அவர்களைக் கண்டிக்காமல் இல்லை; கண்டித்தார். வாய் கண்டித்தது, கை தடுக்கவில்லை. "என்னைவிட உன் மகன்களைக் கனப்படுத்தினாயே" என்பதுதான் அவர் மேல் வந்த குற்றச்சாட்டு. ஏலி தேவனை மறுத்ததே இல்லை. முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் தராசின் எந்தத் தட்டு இறங்கியது என்பதுதான் கேள்வி. கதை முடியும் இடத்தில் ஏலி இருக்கையிலிருந்து விழுந்து இறக்கிறார். அவர் உடல் பருத்தவர் என்று சொல்ல எபிரெயம் அதே 'கனம்' என்ற வேரைத்தான் எடுக்கிறது. அன்றே பிறந்த பேரனுக்கு இக்கபோத் என்று பெயர்: மகிமை விட்டுப் போயிற்று. யாருடைய எடை கூடியது, யாருடைய எடை போனது என்பதை அந்த அதிகாரம் பிரசங்கம் செய்யாமலேயே சொல்லிவிடுகிறது.

எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கேள்விதான்: நான் முடிவெடுக்கும்போது தேவனுக்கு எவ்வளவு எடை இருக்கிறது?

படி 2: ஏழு நாள் கணக்கு எழுதுங்கள்

என் அப்பா சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். காலையில் கடையைத் திறந்ததும் ஊதுபத்தி இல்லை, ஜெபம் கூட உடனே இல்லை, முதலில் தராசு. சரக்கு வைக்கும் தட்டைக் கழற்றித் தலைகீழாகத் திருப்புவார். அடியில் முந்தின நாள் புளியோ வெல்லமோ ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, மறுபடி மாட்டி, வெறும் தராசைத் தூக்கி முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். தட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஐந்து கிராம் புளி, சரக்கு வாங்க வருகிறவரின் பையிலிருந்து போகிறது என்பார். அது யார் கண்ணுக்கும் தெரியாது. கடைக்காரருக்கே தெரியாது, தட்டைத் திருப்பாதவரை.

அதைத்தான் இந்தப் படியில் செய்யப்போகிறோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஏழு நாளைக்கு மூன்று விஷயங்களை மட்டும் எழுதுங்கள்.

ஒன்று, நேரம். கைபேசியே திரை நேரத்தைக் காட்டுகிறது. அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு, பணம். வங்கிக் கணக்கின் அந்த வாரத்துப் பட்டியல் போதும். மூன்று, கவலை. படுக்கையில் தூக்கம் வராமல் எதை உருட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று ஒரு வரி. முதல் இரண்டிலும் நாம் ஓரளவு நடிக்க முடியும். கவலையில் நடிக்க முடியாது. நான் முதல் முறை எழுதியபோது ஏழு இரவில் ஐந்து இரவு ஒரே வாக்கியம்தான் வேறு வேறு வார்த்தைகளில் இருந்தது: உறவினர்கள் என்ன நினைப்பார்கள். ஆலயத்துக்குத் தவறாமல் போகிற, காணிக்கை தவறாமல் போடுகிற என் வாழ்க்கையில் மிகப் பெரிய எடைக்கல் சித்தப்பா வீட்டாரின் அபிப்பிராயம் என்று அன்றுதான் தெரிந்தது.

இந்த ஏழு நாளில் எதையும் திருத்த முயலாதீர்கள். அளக்கும்போதே விரலால் தட்டை அமுக்கினால் அளவு தப்பிவிடும்.

படி 3: ஒரே ஒரு வரி எழுதுங்கள்

1647இல் வெளிவந்த, விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் குறு வினாவிடையில் 107 கேள்விகள் உண்டு. முதல் கேள்வியே மனிதனின் பிரதான நோக்கம் என்ன என்பது. தேவனை மகிமைப்படுத்துவதும் அவரில் என்றென்றும் மகிழ்ந்திருப்பதுமே என்பது பதில். கடமையையும் மகிழ்ச்சியையும் ஒரே நோக்கமாகக் கட்டியிருப்பதைக் கவனியுங்கள். நம் சபைகளில் முதல் பாதி நிறையக் கேட்கிறது, இரண்டாம் பாதி குறைவாகத்தான் கேட்கிறது.

அந்தப் பதிலை உங்கள் வாழ்க்கைக்கு இறக்கி ஒரு வரி எழுதுங்கள். மூன்று சோதனைகள் வையுங்கள்:

- உங்கள் தொழிலின் பெயர் அதில் வரக்கூடாது. தொழில் நாளை போகலாம்.
- பலன் உங்கள் கையில் இல்லாத எதுவும் அதில் வரக்கூடாது. "என் பிள்ளைகளை ஊழியர்களாக்குவேன்" என்பது நோக்கமில்லை, ஆசை.
- மருத்துவமனைக் கட்டிலில் மூன்று மாதம் படுத்திருந்தாலும் அதைச் செய்ய முடிய வேண்டும்.

மூன்றாவது சோதனையில்தான் பெரும்பாலான வரிகள் விழுகின்றன. பவுல் சங்கிலியில் இருந்துகொண்டு பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் தன் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஜீவனாலாகிலும் சாவினாலாகிலும் கிறிஸ்து தன் சரீரத்தில் மகிமைப்பட வேண்டும் என்கிறார். சிறைக்குள்ளும் செல்லுபடியாகும் நோக்கம் அது.

என் வரி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: "எனக்கு முன்னால் இருக்கிற மனிதரிடம் உண்மையாகவும் தயவாகவும் நடந்து, அந்த நன்மை கர்த்தருடையது என்று ஒப்புக்கொள்வேன்." கவிதை இல்லை. ஆனால் ரேஷன் கடை வரிசையிலும் அது வேலை செய்கிறது.

படி 4: அழைப்பைத் தொலைவில் தேடாதீர்கள்

"தேவன் என்னை எதற்கு அழைத்தார் என்று தெரியவில்லை" என்று வாலிபர் கூட்டங்களில் கண்ணீரோடு கேட்பவர்கள் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகாத குடும்பம் நம்மிடையே குறைவு. அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு மிஷனரியாகும் எண்ணமே இருக்கவில்லை. மிஷனரி குடும்பத்தில் 1870இல் பிறந்தவர். திண்டிவனத்தில் பெற்றோரோடு தங்கியிருந்த நாட்களில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் தனித்தனியாக வாசலுக்கு வந்தார்கள். மூவரின் மனைவிகளும் பிரசவத்தில் தவித்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர், ஆனால் ஆண். வீட்டுப் பெண்களை அவர் தொடுவதை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகு அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் தொடங்கினார்.

இதில் தரிசனமோ வானத்துச் சத்தமோ இல்லை. கதவு மூன்று முறை தட்டப்பட்டது. நீங்களும் இந்த ஒரு மாதம் இதை மட்டும் குறியுங்கள்: யார் யார் என்னிடம் உதவி கேட்டு வந்தார்கள், எதைக் கேட்டார்கள். ஒரே வகையான கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் அதை ஜெபத்தில் வைத்து, உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் பேசுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களைப் பார்த்துப் பயப்படாதவராக இருக்கட்டும்.

படி 5: சோதனை வரும் முன்பே தீர்மானியுங்கள்

இந்தப் படி கொஞ்சம் நீளும். நம்மில் பலர் கவிழ்வது இங்கேதான்.

பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போன தானியேலைப் பாருங்கள். பெயரை மாற்றினார்கள், பெல்தெஷாத்சார் என்று, ஏற்றுக்கொண்டார். கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படிக்கச் சொன்னார்கள். படித்தார், முதல் மாணவராகவே படித்தார். ராஜாவின் உணவு வந்தபோது மட்டும் மறுத்து நின்றார். அதற்கும் சண்டை போடவில்லை. பத்து நாள் பருப்பு வகையும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று மரியாதையாகக் கேட்டார். வேதம் அங்கே ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறது: "தன் இருதயத்தில் தீர்மானம்பண்ணிக்கொண்டு". பந்தியில் உட்கார்ந்து, இலையில் இறைச்சி விழுந்த பிறகு யோசிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் எதிர்த்து நிற்பவர்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். எதற்கும் நிற்காதவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களுக்கான 'ராஜாவின் உணவு' எது என்று நான்கைந்து மட்டும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். லஞ்சம் கொடுப்பேனா? பத்திரப்பதிவில் குறைந்த மதிப்பு காட்டச் சொன்னால் கையெழுத்துப் போடுவேனா? மேலதிகாரிக்காகப் பொய்க் கணக்கு எழுதுவேனா?

முக்கியமானது ஒன்று: கல்யாணம். "தேவ சித்தம் தேடும் குடும்பம்" என்று தொடங்கும் மணமகள் தேவை விளம்பரத்தைப் படித்துக்கொண்டே போங்கள். இரண்டாம் வரியில் சாதியும் உட்பிரிவும் இருக்கும். எல்லா விளம்பரமும் அப்படி இல்லைதான், ஆனால் தேடி அலைய வேண்டிய அளவுக்கு அது அபூர்வமும் இல்லை. திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கு பெற்றவர்கள் சம்பந்தம் பேசும்போது பிரிந்து உட்காருகிறார்கள். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்கு நீங்கள் விருப்பப்பட்டதைச் செய்யுங்கள்" என்ற வாக்கியத்தின் பொருளும் எல்லாருக்கும் தெரியும். தேவனுக்கு எடை இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான தராசு, நம் வீட்டுப் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு. பிள்ளைக்கு இருபது வயதாகும்போதே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, சாதி பார்க்க மாட்டோம், வரதட்சணை வாங்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம் என்று எழுதித் தேதி போட்டு வையுங்கள். தரகர் வந்த பிறகு எழுத முடியாது.

படி 6: நாளுக்கு மூன்று கீல்கள் போடுங்கள்

சிங்கக் கெபியின் கதையில் பலர் சிங்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஜெபத்துக்குத் தடைச் சட்டம் வந்தது தெரிந்தும் தானியேல் "தான் முன் செய்துவந்தபடியே" மூன்று வேளையும் ஜெபம்பண்ணினார் என்று இருக்கிறது. நெருக்கடிக்காகப் புதிதாக எதையும் தொடங்கவில்லை. பழக்கம் அவரைத் தூக்கிக்கொண்டு போனது.

காலையில் கைபேசிக்கு முன் பத்து நிமிடம். ஒரு சங்கீதம், நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி, அன்று சந்திக்கப்போகும் மனிதர்களின் பெயர்கள். இதற்கு மேல் ஆரம்பத்தில் வேண்டாம். ஒரு மணி நேரம் என்று தொடங்கியவர்களில் நானும் ஒருவன். ஒன்பது நாள் ஓடியது.

மதியம் ஒரு நிமிடம். சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஸ்தோத்திரத்தை அவசரமில்லாமல் சொன்னாலே போதும்.

இரவில் ஐந்து நிமிடம் மூன்று கேள்விகள்: இன்று எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? எந்த முடிவில் தேவனுக்கு எடை இல்லாமல் போனது? நாளை யாரிடம் போய்ச் சரிசெய்ய வேண்டும்? கத்தோலிக்க மரபில் இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனை ஏறக்குறைய இதுதான். பிராட்டஸ்டண்டு வீட்டில் வளர்ந்த எனக்கு அதை எடுத்துக்கொள்ள முதலில் தயக்கம் இருந்தது, பிறகு இல்லை.

படி 7: வேலையை வேலையாகவே ஒப்புக்கொடுங்கள்

"எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்பது (கொலோசெயர் 3:23) அலுவலக மேசைகளில் அழகாக ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த வரி முதலில் எழுதப்பட்டது அடிமைகளுக்கு. நம் தமிழ் வேதாகமம் 'வேலைக்காரரே' என்று சொல்லும் இடத்தில் கிரேக்க மூலத்தில் அடிமை என்ற சொல் இருக்கிறது. சம்பளமும் பெயரும் கிடைக்காதவர்களிடம், உங்கள் வேலையைப் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லப்பட்டது. பக்கத்திலேயே "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்றும் இருக்கிறது. மேற்பார்வையாளர் தலை தெரிந்ததும் கோப்பைத் திறப்பதற்கு இதைவிட நல்ல பெயர் கிடையாது.

செய்ய வேண்டியது எளிது: யாரும் சரிபார்க்காத ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை இந்த வாரம் முழுவதும் ஒழுங்காகச் செய்யுங்கள். ஆசிரியர் என்றால் கடைசிப் பத்துத் தாள்களை முதல் பத்தைப் போலத் திருத்துவது. செவிலியர் என்றால் உறவினர் யாரும் வராத நோயாளியின் படுக்கை விரிப்பு.

படி 8: பணத்தில் முதலில் எடுங்கள்

"உன் பொருளாலும், உன் எல்லா விளைவின் முதற்பலனாலும் கர்த்தரைக் கனம்பண்ணு" (நீதிமொழிகள் 3:9). 'முதற்பலன்' என்பதுதான் விஷயம். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கொடுப்பதில் கனம் இல்லை. என் பாட்டி உலையில் போட அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மிஞ்சிய சோற்றிலிருந்து இல்லை, சமைக்கும் முன்பே. மாதம் ஒரு முறை அந்தப் பிடி அரிசி ஆலயத்துக்குப் போகும். வீட்டில் அரிசி குறைவான நாட்களிலும் கைப்பிடி மட்டும் குறையவில்லை என்று அம்மா சொல்வார், கொஞ்சம் கோபத்தோடு.

இதோடு நீதிமொழிகள் 14:31ஐயும் சேர்த்து வாசியுங்கள்: தரித்திரனுக்குத் தயைசெய்கிறவன் அவனை உண்டாக்கினவரைக் கனம்பண்ணுகிறான். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் சம்பளத்தை ஒன்றாம் தேதி கொடுப்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. "கொடு, பத்து மடங்காகத் திரும்பும்" என்று மேடையில் யாராவது சொன்னால், அது வியாபாரம். அதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

படி 9: ஊழியத்தின் பெயரால் வீட்டை விடாதீர்கள்

இயேசுவின் காலத்தில் ஒரு வழி இருந்தது. பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று அறிவித்துவிட்டால் போதும், அவர்களுக்கு உதவ வேண்டியதில்லை. இயேசு அதைக் கடுமையாகக் கண்டித்தார் (மாற்கு 7). வாரத்தில் ஐந்து நாள் ஜெபக் கூட்டம், வீட்டில் முதியவர் தனியாக மாத்திரை தேடுகிறார் என்றால், அதற்கும் அந்தப் பெயர்தான். சபைப் பொறுப்புகளில் ஒன்றைக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள். குருவானவருக்கு வருத்தம் வரும், அது ஆறிவிடும்.

கூடவே, எருசலேமின் அலங்கத்தை (மதிலை) கட்டிக்கொண்டிருந்த நெகேமியாவிடமிருந்து ஒரு வாக்கியத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்: "நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது." எதிரிகள் நான்கு முறை அழைத்தார்கள், நான்கு முறையும் அதே பதில். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

படி 10: விழுந்த நாளிலேயே திரும்புங்கள்

விழுவீர்கள். என்னுடைய நோட்டில் காலியாக விட்ட வாரங்கள் உண்டு. அப்போது ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம்.

பேதுரு கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது இயேசுவை மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவருக்காக மீன் சுட்டு வைத்திருந்ததும் கரிநெருப்பில்தான். யோவான் அந்தச் சொல்லை இந்த இரண்டு இடங்களில் மட்டும் எழுதுகிறார். அங்கே பேதுருவிடம், எந்த விதமான மரணத்தால் அவர் தேவனை மகிமைப்படுத்துவார் என்பது சொல்லப்படுகிறது. அதைக் கேட்டதும் பேதுரு என்ன செய்கிறார்? திரும்பி, பின்னால் வருகிற சீஷனைப் பார்த்து, "இவன் காரியம் என்ன?" என்று கேட்கிறார். தன் வாழ்க்கையின் நோக்கம் வெளிப்பட்ட அரை நிமிடத்துக்குள் அடுத்தவரோடு ஒப்பீடு. "உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா" என்பதுதான் பதில்.

ஆகவே தவறிய அன்றே, தூங்கும் முன், மன்னிப்புக் கேட்க வேண்டியவரிடம் கேளுங்கள். கர்த்தரிடம் கேட்டதோடு நிறுத்தி, மனைவியிடம் கேட்காமல் தப்பிக்கிற வழக்கம் எனக்கு இருந்தது. பிறகு அந்த ஒரு வரியை எடுத்து வாசித்து, மறுநாள் காலைக்கு நோட்டைத் திறந்து வையுங்கள்.

அப்பா காலையில் ஒரு முறை துடைத்ததோடு நிறுத்தவில்லை. புளியோ கருப்பட்டியோ நிறுத்துக் கொடுத்த நாட்களில், அடுத்தவருக்குச் சீனி அளக்கும் முன் தட்டைத் திருப்பிப் பார்ப்பார். கூட்டம் நிற்கும், யாராவது சலித்துக்கொள்வார்கள். "ஒரு நிமிஷம்" என்பார், துணியை எடுத்துக்கொண்டே.